கஞ்சியம்மனுக்கு அபிஷேகம்

விருத்தாசலத்தில் ஓர் அம்மன் கஞ்சி குடித்தாள்.

சாமிச் சிலைகள் பால் குடித்ததை இந்த நாடு ஏற்கெனவே பார்த்துவிட்டது. அது பழைய சரக்கு. இது கஞ்சி. அதுவும் காய்ச்சல்காரருக்கு வடித்த கஞ்சித் தெளிவு. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் உறிஞ்சுகிறாள். ஒரு சொட்டு கீழே சிந்துவதில்லை. பிறகென்ன, கேட்க வேண்டுமா?

ஒரே வாரத்தில் செய்தி ஸ்ரீமுஷ்ணம் போயிற்று, சேத்தியாத்தோப்பு போயிற்று, கரும்பு டிராக்டர்களோடு பெண்ணாடம் போயிற்று. அங்கிருந்து யாரோ துபாய்க்கு வீடியோ அனுப்ப, துபாயிலிருந்து அது வாட்ஸ்அப்பில் திரும்பி விருத்தாசலத்துக்கே வந்தது. "நம்ம ஊர்லயே இப்பிடி ஒரு சக்தியா!" என்று பக்கத்துத் தெருக்காரர்கள் அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள்.

தனியார் பஸ் கண்டக்டர்கள் "கஞ்சியம்மன்லாம் எறங்கு!" என்று விசில் அடித்தார்கள். அந்த இடத்தில் அதுவரை ஸ்டாப்பே கிடையாது. பீங்கான் கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஒரு ஸ்டாப் கேட்டு மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோயிருந்தார்கள். அம்மன் வந்தாள், ஸ்டாப் வந்தது. அவளால் ஊருக்கு விளைந்த நன்மை என்று தேடினால் அது ஒன்றுதான் தேறும்.

அம்மன் குடியிருந்தது காலியாகக் கிடந்த ஒரு குடோனில். ஒரு முழ உயரம் இருப்பாள். தலையில் கிரீடம், இடுப்பில் சிவப்புப் பட்டு, முகம் முழுக்கச் சந்தனம். அவளுக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்தவர் பெயர் பசியாற்றி சுவாமிகள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. தாடி நல்ல தாடி. ஆறு மாதத்துக்கு முன்னால் அவரை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எங்கிருந்து வந்தார் என்று கேட்டால், "அம்மா வரச்சொன்னா, வந்தேன்" என்பார். வாடகை வீட்டுக்கு ஆதார் கேட்கிற ஊர், சாமியாரிடம் கேட்கவில்லை.

அவருடைய வைத்தியம் வயதானவர்களுக்கு மட்டும். காய்ச்சல் கண்டு, சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற கிழடுகளுக்கு. சுவாமிகள் மைக்கைப் பிடித்தால் குடோன் தகரம் அதிரும்.

"உங்க வூட்டுப் பெரியவங்களுக்குக் காய்ச்சல்னு சொல்றீங்க. சோறு எறங்கலைன்னு சொல்றீங்க. அது காய்ச்சல் இல்ல தாயே! நாக்குல பசிகொல்லி குந்தியிருக்குது! நீ ஊத்துற கஞ்சிய யாரு குடிப்பா? உங்கப்பனா? பசிகொல்லி குடிக்கும். குடிச்சுக் கொழுக்கும். மூணு நாள் பட்டினி போடு. சொட்டுத் தண்ணி கூடாது. மாத்தர மருந்து கூடாது. அவரு பங்கு கஞ்சிய இங்க கொண்டா, அம்மா குடிப்பா. அம்மா குடிச்சது அப்பன் வயித்துக்குப் போய்ச் சேரும்!"

எந்த வழியாகப் போய்ச் சேரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கரண்ட் போனால் லைன்மேனை நடுத்தெருவில் நிறுத்தி, எந்தக் கம்பத்தில் கோளாறு, எந்தக் கம்பி அறுந்தது என்று குடைந்து எடுக்கிற ஜனம் இது.

நிபந்தனைகள் உண்டு. கஞ்சியை வெள்ளைத் துணியில் மூன்று தடவை வடிகட்ட வேண்டும்; திப்பி ஆகாது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் அம்மன் வாய் திறப்பாள். ஒரு நாளைக்கு இருபது டோக்கன், அதற்கு மேல் ஒரு கரண்டி கிடையாது. அம்மனுக்கு ஜலகண்டம், ஆகையால் அபிஷேகம் கூடாது. காணிக்கை ஒரு மூட்டை புழுங்கலரிசி. ஒரு கவளம் விழுங்க முடியாத கிழவருக்காக ஒரு மூட்டை! கடைசி நிபந்தனைதான் கழுத்தை நெரிப்பது: மூன்று நாளுக்குள் பெரியவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும், காய்ச்சல் அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை மேல் ஏறிவிடும்.

பிழைத்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். மூன்று நாளில் தானாக விடுகிற காய்ச்சல் மூன்று நாளில் தானாக விட்டது. இன்னும் சிலருக்கு மருமகள்கள் புருஷனுக்குத் தெரியாமல் காபி ஊற்றினார்கள். அவர்கள் எல்லாம் மைக்கில் சாட்சி சொன்னார்கள். பிழைக்காதவர்களுக்கு மைக் தரப்படவில்லை. பிழைத்தால் அம்மன் அருள், போனால் ஆயுசு முடிந்தது. எப்படிப் போட்டாலும் தாயம் விழுகிற ஆட்டம் அது.

இந்த ஆட்டத்தில் போய் மாட்டினார் தெய்வநாயகம்.

தெய்வநாயகம் பீங்கான் கம்பெனியில் சூளை மேஸ்திரி. எந்தப் பொம்மை எத்தனை டிகிரியில் வேகும், எது வெடிக்கும், எது வளையும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அவர் மனைவி சுலோச்சனாவுக்கு அதே கம்பெனியில் பொம்மைகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்குகிற வேலை. ஒரு தடவை சுட்டு, கிளேஸ் ஏற்றாமல் இருக்கிற பொம்மைக்குக் கம்பெனியில் பிஸ்கட் என்று பெயர். சுலோச்சனா ஒவ்வொரு பிஸ்கட்டையும் எடுத்து நாக்கு நுனியில் ஒரு தொடு தொடுவாள். நாக்கைப் பிடித்து இழுத்தால் நன்றாகக் காய்ந்திருக்கிறது, முக்கலாம். இழுக்காவிட்டால் ஈரம், ஓரம் வை. இருபது வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு.

தெய்வநாயகத்தின் அப்பா தனக்கோடிக்கு எண்பத்தொரு வயது. அந்தக் காலத்தில் அதே கம்பெனியில் அச்சு செய்தவர். ஊரில் பாதிக் கொலுவில் நிற்கிற பொம்மைகள் அவர் அச்சில் பிறந்தவை. இப்போது உடம்பில் தோலும் எலும்பும்தான் மிச்சம். பிரஷர் உண்டு, சர்க்கரை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். திங்கட்கிழமை உடம்பு லேசாகச் சுட்டது. செத்துப்போன தன் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சூளைய மூடிட்டியாடா?" என்று கேட்டார்.

"பசிகொல்லிதான்," என்றார் தெய்வநாயகம். "இல்லைன்னா எறந்துபோன சித்தப்பாவ எதுக்குக் கூப்பிடுறாரு?"

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமேங்க," என்றாள் சுலோச்சனா.

"ஆஸ்பத்திரில ஊசி போடுவான். பசிகொல்லிக்கு ஊசி போட முடியுமா?"

சுலோச்சனா கஞ்சி வடிக்கப் போனாள். அவள் கண்ணாலும்தான் பார்த்திருக்கிறாளே, அம்மன் குடித்ததை! செவ்வாய்க்கிழமை ஆட்டோ வைத்துத் தனக்கோடியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சுவாமிகள் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். பேத்தி சௌந்தர்யா ஒன்பதாவது படிக்கிறாள். கிழவருக்கு அவள் என்றால் உயிர். "நீ தண்ணி குடிச்சா அந்தப் புள்ள தலையில விடியும்" என்று சுவாமிகள் சொன்னபோது தனக்கோடி பயந்துபோய்த் தலையை ஆட்டினார். அன்றைக்கே சௌந்தர்யாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிழவர் மேல் இரண்டு கம்பளியைப் போட்டு மூடி, ஃபேனை நிறுத்தினார்கள்.

புதன்கிழமை முனகினார். வியாழக்கிழமை முனகலும் இல்லை.

"பாத்தியா, பசிகொல்லி அடங்கிடுச்சு," என்றார் தெய்வநாயகம். அடங்கிக்கொண்டிருந்தது அவருடைய அப்பா.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், மூன்று நாள் பட்டினியை முடித்துவைக்கிற நிறைவுக் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தெய்வநாயகம் குடோனுக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில் நஸீமா வந்தாள். மாதம் ஒரு தடவை வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற நர்ஸ். உள்ளே வந்தவள் கிழவரைப் பார்த்த மாத்திரத்தில் பையைக் கீழே போட்டுவிட்டு முதல் வேலையாகக் கம்பளியை உருவி எறிந்தாள்.

"எத்தினி நாளாக்கா இப்பிடி?"

"ஞாயித்துக்கிழமையில இருந்து சோறு எறங்கல நர்ஸம்மா. செவ்வாக்கிழமையில இருந்து சாமி தண்ணியும் கூடாதுன்னுட்டாரு."

"தண்ணியும் கூடாதா!" நஸீமா கிழவரின் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு வெடித்துக் கிடந்தது. "ஒண்ணுக்கு எப்பப் போனாரு?"

"நேத்து காலையில. கொஞ்சூண்டு. டிகாக்‌ஷன் கலர்ல."

"சக்கர மாத்தர குடுத்தீங்களா?"

"அதையும் நிறுத்தச் சொல்லிட்டாருங்க."

"நல்ல வேள. வெறும் வயித்துல அத வேற போட்டிருந்தா இந்நேரம் சக்கர எறங்கி ஆளு போயிருப்பாரு." சுவாமிகள் தம்மையறியாமல் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். நஸீமா போனைக் காதில் வைத்துக்கொண்டே பேசினாள். "வயசானவங்களுக்கு உடம்பு அனலா கொதிக்கணும்னு இல்லக்கா. திடீர்னு சோறு வேணாம்பாங்க, ஒளறுவாங்க, கால் தடுமாறும். அதுவே உள்ள எங்கயோ கிருமின்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமையே எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா... ஹலோ, நூத்தி எட்டா?"

ஆம்புலன்ஸ் சேத்தியாத்தோப்பு ரோட்டில் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது. வர அரை மணி ஆகுமாம்.

"அதுக்குள்ள ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுப்போம். தலைய ஒசத்திப் புடிங்க," என்றாள் நஸீமா. "ஐயா, வாயத் தெறங்க."

தனக்கோடி வாயைத் திறக்கவில்லை. அதுவரை துணியாகக் கிடந்த மனிதருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். சுலோச்சனா கெஞ்சினாள். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்.

"வேணாம்... சௌந்தர்யா..." என்றார். "புள்ளைக்கு வந்துடும்."

சுலோச்சனா மூக்கைப் பிடித்து ஊற்றப் போனாள். நஸீமா கையைத் தட்டிவிட்டாள். "வலுக்கட்டாயமா ஊத்தாதீங்க! பொரையேறி நெஞ்சுக்குள்ள போச்சுன்னா இன்னும் மோசம். அவரா முழுங்கணும்." ஒரு துணியை நனைத்து அவருடைய உதட்டை மட்டும் ஒற்றினாள். வெடித்த உதட்டில் ஈரம் பட்டது, அப்படியே மறைந்தது. மறுபடி ஒற்றினாள். மறுபடி மறைந்தது.

சுலோச்சனா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மன் வாயிலயும் இப்பிடித்தான் போச்சு," என்றாள் மெதுவாக.

"காஞ்சு கெடக்குற எதுல தண்ணி பட்டாலும் உறிஞ்சும்க்கா. அதுக்கு அம்மன் எதுக்கு?"

நஸீமா சும்மா சொன்னதுதான். சுலோச்சனாவுக்கு யாரோ செவிட்டில் அறைந்தது போலிருந்தது. எழுந்தாள். சன்னல் கதவு ஆடாமலிருக்க அண்டை கொடுத்திருந்த ஒரு வாத்துப் பொம்மையை எடுத்தாள். வால் உடைந்துபோனதால் கம்பெனியில் கழித்துக்கட்டிய பிஸ்கட். பழக்கதோஷத்தில் நாக்கில் வைத்தாள். இழுத்தது. அடுப்பில் மிச்சமிருந்த கஞ்சித் தெளிவை ஒரு கரண்டி எடுத்து வாத்தின் மூக்கருகே பிடித்தாள்.

வாத்து குடித்தது.

சுலோச்சனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருபது வருஷமாக நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்த சரக்கை, பட்டுத்துணி கட்டி மேடையில் வைத்ததும் விழுந்து கும்பிட்டிருக்கிறாள். "நர்ஸம்மா, மாமாவப் பாத்துக்குங்க. பத்து நிமிசத்துல வரேன்," என்று சொல்லிவிட்டு வாத்தை இடுக்கிக்கொண்டு ஓடினாள். குடோன் இரண்டு தெரு தள்ளித்தான்.

அங்கே மூன்றாவது டோக்கன் நடந்துகொண்டிருந்தது. வரிசையில் நாலாவதாகத் தெய்வநாயகம். பின்னால் பெண்ணாடத்திலிருந்து வந்திருந்த பூவாயி என்ற அம்மாள், புருஷனுக்காகக் கஞ்சிச் சொம்போடு நின்றாள்.

"ஏ சுலோச்சனா! அப்பாவத் தனியா வுட்டுட்டு இங்க எதுக்கு வந்தே?" என்று பதறினார் தெய்வநாயகம்.

அவள் நிற்கவில்லை. நேராக மேடைக்குப் போய் அம்மனுக்குப் பக்கத்தில் வாத்தை வைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றார் சுவாமிகள்.

"எங்க வூட்டு வாத்துங்க சாமி. நாலு நாளா எர எடுக்கல."

கூட்டம் சிரித்தது. சுலோச்சனா புருஷன் கையிலிருந்த தூக்குவாளியைப் பிடுங்கி, ஒரு கரண்டி கஞ்சியை வாத்தின் வாயில் வைத்தாள். கரண்டி காலி. இன்னொன்று. அதுவும் காலி. மூன்றாவதும் போயிற்று. சிரிப்பு நின்றது.

"அடி ஆத்தே! வாத்தும் குடிக்குதே!" என்று கத்தினாள் பூவாயி. கத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சுவாமிகள் ஒரு கணம்தான் தடுமாறினார். அடுத்த கணம் மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா மக்களே! அம்மா பார்வ பட்டதும் வாத்துக்கே உசுரு வந்துடுச்சு! பசிகொல்லி பறந்துடுச்சு!"

"தாயே! பராசக்தி!" என்றது கூட்டம். நாலு பேர் வாத்தை நோக்கிக் கும்பிட்டார்கள். இந்தச் சமயோசித புத்தியை வைத்துக்கொண்டு அந்த ஆள் ஒழுங்காக ஏதாவது கடை வைத்திருந்தால் ஜங்ஷனில் மூன்று மாடி கட்டியிருப்பார்.

சுலோச்சனா விடவில்லை. "சரிங்க சாமி. எந்தக் கோயில்லயும் அபிஷேகம் ஆனப்புறம்தான் நைவேத்தியம். நம்ம அம்மாவுக்கும் ஒரு கொடம் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுவோம். அப்புறம் கஞ்சி குடுப்போம். குடிச்சான்னா நானே எல்லாருக்கும் முன்னாடி மொட்ட போட்டுக்குறேன்."

"கூடவே கூடாது! அம்மாவுக்கு ஜலகண்டம்!"

"கஞ்சியில இருக்குறது இன்னாங்க சாமி? ஜலம் இல்லியா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. "ஆமா, அதுவும் சரிதானே" என்றது ஒரு குரல். "குளிக்காத அம்மன நான் எங்கயும் பாத்ததில்ல" என்றது இன்னொரு குரல். தெய்வநாயகம் வாத்தையும் அம்மனையும் மாறி மாறிப் பார்த்தார். சூளைக்காரர் மண்டைக்குள் எதுவோ மெதுவாகப் பற்றத் தொடங்கியிருந்தது.

"ஒரு கொடம்தானேங்க சாமி," என்றார். "ஊத்தித்தான் பாப்போமே."

சுவாமிகள் எழுந்து குறுக்கே நிற்பதற்குள் சுலோச்சனா கைகழுவ வைத்திருந்த இரண்டு குடங்களில் ஒன்றைத் தூக்கி அம்மன் தலையில் கவிழ்த்துவிட்டாள். அம்மன் உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வேறு. "அம்மா சீறுறா!" என்று இரண்டு பேர் பின்வாங்கினார்கள். காய்ந்த பிஸ்கட் தண்ணீர் குடிக்கிறபோது வருகிற சத்தம் அது. கம்பெனியில் நாள்முழுக்கக் கேட்கிற சத்தம். சந்தனம் வழிந்தது. குங்குமம் வழிந்தது. வாட்டர் கலரில் வரைந்த ஒரு கண் கன்னத்தில் இறங்கித் தாடையில் வந்து நின்றது.

சுலோச்சனா இரண்டாவது குடத்தையும் ஊற்றினாள். குமிழ் அடங்குகிறவரைக்கும் ஊற்றினாள். பிறகு ஒரு கரண்டி கஞ்சியை அம்மன் வாயில் வைத்தாள்.

கஞ்சி தாடை வழியாக ஒழுகிப் பட்டுப்பாவாடையில் சொட்டியது. இன்னொரு கரண்டி. அதுவும் ஒழுகியது.

"அம்மாவுக்கு வயிறு நெறைஞ்சிடுச்சு!" என்று அலறினார் சுவாமிகள்.

"அதத்தான்யா நானும் சொல்றேன்! காஞ்சா குடிக்கும், நெறைஞ்சா குடிக்காது. பிஸ்கட்டுயா இது, பிஸ்கட்டு!"

தெய்வநாயகம் மேடை ஏறினார். அம்மனைத் தூக்கினார். பட்டுப்பாவாடையை அவிழ்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அடியில் அவருடைய கம்பெனி முத்திரை. அதன்மேல் கழிசல் என்பதற்கு அடையாளமாக ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைப் போட்டது அவருடைய கை. கிரீடத்தைப் பிய்த்தார். உள்ளே ஓர் உடைந்த பானையின் அடிப்பாகம் தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"தயிர்க்காரி!" என்றார். "கொலுவுல வைக்கிற தயிர்க்காரி பொம்மைய்யா இது. பான ஒடைஞ்சுபோச்சுன்னு நான்தான் கழிச்சுப் போட்டேன். நானே சுட்டு, நானே கழிச்சத, நானே வந்து கும்பிட்டிருக்கேன்!"

மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள். கழிசல் விலைக்கு வாங்கிய இன்னும் மூன்று தயிர்க்காரிகள் தகரத்தின்மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி வயிறு நிறைந்தால் அடுத்தவள் மேடைக்கு வருவாள். எல்லாரும் நிறைந்துவிட்டால் டோக்கன் தீர்ந்தது. நாலு பேரும் நன்றாகக் காய்வதற்குத்தான் இடையில் இரண்டு மூன்று நாள் விடுமுறை. சுவாமிகள் சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தார். வேட்டி தகரத்தில் மாட்டிக்கொண்டது. விசாரித்ததில் பெயர் விமல்ராஜ் என்றும், பண்ருட்டிப் பக்கம் வீடுவீடாக வாட்டர் ஃபில்டர் விற்றவர் என்றும் தெரிந்தது. ஃபில்டருக்குள் இருக்கிற வெள்ளைக் குழாய் தண்ணீரை உறிஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து வந்த ஞானமாம். சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் ஆட்களுக்குத் தெரிந்ததும் அதேதான். அவர் அதை வைத்துப் பிழைத்தார், நம்மவர்கள் அதைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

தெய்வநாயகம் போலீஸ் வருகிறவரை நிற்கவில்லை. ஈரம் சொட்டச் சொட்டத் தயிர்க்காரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பின்னாலேயே வாத்தை இடுக்கிக்கொண்டு சுலோச்சனா. தெருமுனையில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது.

தனக்கோடி கண்ணை மூடிக் கிடந்தார். உதடு இன்னும் இறுகித்தான் இருந்தது. தெய்வநாயகம் மண்டியிட்டு உட்கார்ந்து பொம்மையை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"அப்பா. இது யாருன்னு பாருப்பா."

கிழவர் கண்ணைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார். கையைத் தூக்க முடியாமல் தூக்கி, பொம்மையின் இடுப்பு வளைவை ஒரு விரலால் தடவினார். அவர் கையால் செதுக்கிய அச்சு.

"தயிர்க்காரி," என்றார். "பான எங்கடா?"

"ஒடைஞ்சுடுச்சுப்பா."

"எவன்டா சூளையில அடுக்குனவன்?"

"நான்தாம்ப்பா," என்று சொன்ன தெய்வநாயகம் வாய்விட்டு அழுதார். "இதத்தாம்ப்பா அம்மன்னு ஏமாத்திட்டான். இதுக்குப் பயந்துதான் உன்னக் காயப் போட்டேன்."

சுலோச்சனா கிழவரின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "மாமா, சௌந்தர்யாவுக்கு ஒண்ணும் வராது. அந்த ஆளு பொய்யி, சத்தியமும் பொய்யி. இது வெறும் பிஸ்கட்டு. தண்ணி குடிங்க மாமா."

தனக்கோடி மருமகள் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நஸீமா ஒரு ஸ்பூன் ஊற்றினாள். விழுங்கினார். இன்னொரு ஸ்பூன். அதையும் விழுங்கினார். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தபோது ஆறாவது ஸ்பூன் போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள் இருந்தார். சிறுநீரில் கிருமி, அதனால் காய்ச்சல், அதனால் பசியில்லை. சேர்ந்தாற்போல் தண்ணீரும் நின்றதால் சிறுநீரகம் திணற ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று டாக்டர் தெய்வநாயகத்தைப் பார்த்துச் சொன்னார். வீட்டுக்கு வந்த பிறகும் பசி ஒரேயடியாக வந்துவிடவில்லை. தட்டு நிறையச் சோற்றைக் குவித்து வைத்துச் "சாப்பிடு, சாப்பிடு" என்று மிரட்டாதீர்கள் என்றாள் நஸீமா. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு கை அளவு. நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுங்கள். சாம்பாரில் ஊறிய இட்லி, குழைந்த சோறு, முட்டை, அவருக்கு என்ன பிடிக்குமோ அது. தனக்கோடிக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பு. உப்பு ஆகாது என்று நஸீமா முறைத்ததால் பச்சை மீனில் சமரசம் ஆயிற்று. பத்தாவது நாள் "உப்பே இல்ல, இதெல்லாம் ஒரு கொழம்பா?" என்று மருமகளைத் திட்டினார். சுலோச்சனா அடுப்படியில் நின்றுகொண்டு சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் ஊருக்கு மரியாதை.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பூவாயி மறுபடி பஸ் ஏறி வந்து, வழி விசாரித்துக்கொண்டு சுலோச்சனா வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் அதே சொம்பு. வடிகட்டிய கஞ்சி.

"அம்மா, அந்த ஆளு ஃபிராடு. அது எனக்கும் தெரியும்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஆனா அந்த வாத்து குடிச்சுதே, அத என் ரெண்டு கண்ணால பாத்தேன். அது இப்ப எங்கம்மா இருக்குது? எங்க வூட்டுக்காரரு மறுபடியும் பத்து நாளா சரியாவே சாப்புட மாட்டேங்குறாரு."

சுலோச்சனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தாள். ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் அதே வரிசையில் நின்றவள்தானே தானும். சொம்பை வாங்கி மூடிவைத்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் நஸீமாவின் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

"இந்த நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணுங்க. பெரியவர இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கஞ்சிய அவரு வாயில ஊத்துங்க. வாத்துக்கு ஒண்ணும் கொறையில்ல, அது சன்னலப் புடிச்சுக்கிட்டு நிக்குது."

பூவாயி போகும்போது சன்னல் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனாள்.

அச்சில் வார்க்கிற பொம்மைக்குத் தலைக்குள்ளே ஒன்றும் இருக்காது, காலியாகத்தான் வார்ப்பார்கள். அது பொம்மையின் குற்றமில்லை. நம்மை யாரும் அப்படி வார்க்கவில்லையே. உள்ளே ஒன்றை வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பயன்படுத்தினால் என்ன, தேய்ந்தா போய்விடும்?